சீனாவின் ஒரே பெண் பேரரசர் வூ ஸெதியன்: புத்தர் பெயரைச் சொல்லி அரியணை ஏறியது எப்படி?

1982-ம் ஆண்டு மே மாதம். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சோங் மலையில் ஏறிய விவசாயி ஒருவர், ஒரு தகட்டைக் கண்டெடுத்தார். 36 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 223 கிராம் எடை. அத்தனையும் தங்கம். அதில் 63 எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

படித்துப் பார்த்தால் அது ஒரு விண்ணப்பம். அனுப்பியவர் வூ ஜாவ் என்ற பேரரசர். ஆண்டு கி.பி. 700. தாவோ மதத்தின் தெய்வங்கள் தன் பாவக் கணக்கிலிருந்து தன் பெயரை நீக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு தூதர் மூலம் மலையில் போடச் சொன்ன தகடு அது. 1,282 ஆண்டுகள் அங்கேயே கிடந்திருக்கிறது.

இதில் என்ன ஆச்சரியம் என்றால், பத்து வருடத்துக்கு முன்பு இதே வூ, புத்தரின் வாக்குப்படி பிறந்த பெண் என்று சொல்லிக்கொண்டுதான் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். தாவோ மதத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, பௌத்தத்தை முதலிடத்தில் வைத்ததும் அவர்தான். வரலாற்றில் வூ ஸெதியன் என்று அறியப்படும் அவர், சீனப் பேரரசர்களின் நீண்ட வரிசையில் தன் பெயரிலேயே பேரரசராக ஆண்ட ஒரே பெண். அந்தப் பத்து வருடத்தில் என்ன நடந்தது?

மரவியாபாரி மகள்

வூ பிறந்தது கி.பி. 624-ல். அப்பா வூ ஷிஹுவோ மர வியாபாரி. தாங் வம்சத்தை நிறுவிய லீ யுவான் கலகம் செய்தபோது கூடவே நின்றதால், பெரிய பதவி கிடைத்தது. அம்மா யாங், முந்தைய சுயி வம்சத்து அரச குடும்பத்தின் உறவு வழி வந்தவர். தீவிர பௌத்தர். பிற்காலத்தில் மகள் போட்ட மதக் கணக்குகளுக்கு விதை இந்த வீட்டில்தான் விழுந்தது.

14 வயதில் வூ அரண்மனைக்குள் போனார். பேரரசர் தைசோங்கின் அந்தப்புரத்தில் ஐந்தாம் நிலைத் துணைவி. பெரிய இடமெல்லாம் கிடையாது. 649-ல் தைசோங் இறந்ததும், பிள்ளை பெறாத துணைவிகளின் தலையை மழித்து பிக்குணி மடத்துக்கு அனுப்பும் வழக்கப்படி வூவும் அனுப்பப்பட்டார். சாதாரணமாக அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. புதிய பேரரசர் காவ்சோங், இறந்துபோன தைசோங்கின் மகன், வூவை மறுபடி அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். அப்பாவின் துணைவியை மகன் சேர்த்துக்கொள்வது கன்பூசிய ஒழுக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 655-ல் பட்டத்து ராணி வாங்கை நீக்கிவிட்டு வூவை ராணி ஆக்குகிறேன் என்று காவ்சோங் சொன்னபோது, மூத்த அமைச்சர் சூ சுயிலியாங் இதைத்தான் சொல்லித் தடுத்தார். பதிலாக அவருக்குக் கிடைத்தது தலைநகரை விட்டு வெளியேற்றம். வாங் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

வாங்கின் மேல் பழி போடுவதற்காகத் தன் கைக்குழந்தையையே வூ கொன்றார் என்று ஒரு கதை உண்டு. சினிமா, சீரியல் எல்லாவற்றிலும் இது தவறாமல் வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் வரலாற்றை எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் கன்பூசிய அதிகாரிகள். பெண் ஆள்வதே இயற்கைக்கு விரோதம் என்று நினைத்தவர்கள். பெட்டைக் கோழி கூவினால் அந்த வீடு உருப்படாது என்ற கருத்து சீனாவின் மிகப் பழைய நூலிலேயே இருக்கிறது. நம்மூர்ப் பெருசுகளிடம் கேட்காத வசனமா என்ன? குழந்தை இறந்தது உண்மை. கொன்றது யார் என்பது வேறு விஷயம்.

லாவோ சூவின் பேரப்பிள்ளைகள்

660-ல் காவ்சோங்கின் உடல்நிலை மோசமானது. கோப்புகளை வூ பார்க்க ஆரம்பித்தார். 664-க்குப் பிறகு அரசவையில் பேரரசருக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் வூ. இருவரையும் சேர்த்து இரு மகான்கள் என்றே அழைத்தார்கள். 683-ல் காவ்சோங் இறந்தபோது, அந்த நாட்டை நடத்தத் தெரிந்த ஒரே ஆள் வூதான்.

சரி, அப்படியென்றால் நேராக அரியணையில் உட்கார வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

தாங் பேரரசில் மதம் என்பது வீட்டுப் பூஜையறை சமாச்சாரம் அல்ல. யார் துறவி ஆகலாம், எத்தனை பேர் ஆகலாம் என்பதில் அரசு தலையிடும். காரணம் பணம். துறவியானால் வரி கிடையாது, கட்டாய உழைப்பும் கிடையாது. அதைவிட முக்கியம், ஆளும் உரிமையே மதத்தின் வழியாகத்தான் வந்தது. அரசர் வானத்தின் மகன். அவர் முன்னோருக்குச் செய்யும் சடங்கு, நாட்டுக்கே செய்யும் சடங்கு. கன்பூசிய வழியில் இந்த இரண்டையும் ஆண்தான் செய்ய முடியும்.

இன்னொரு பக்கம் தாவோ மதம். தாங் அரச குடும்பத்தின் பெயர் லீ. தாவோ மதத்தின் ஆதி குருவான லாவோ சூவின் குடும்பப் பெயரும் லீ என்பது மரபு. அதனால் லாவோ சூ எங்கள் மூதாதை என்று அரச குடும்பம் அறிவித்துவிட்டது. 637-ல் தைசோங், விழாக்களில் பௌத்தத் துறவிகளுக்கு முன்னால் தாவோ குருமார்தான் நிற்க வேண்டும் என்று ஆணை போட்டார். 666-ல் காவ்சோங், செத்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆன லாவோ சூவுக்குப் பேரரசர் பட்டமே கொடுத்தார். ஆக, தாவோ மதத்தைக் கும்பிட்டால் லீ குடும்பத்தைக் கும்பிட்ட மாதிரி.

கன்பூசியத்தில் பெண்ணுக்கு இடமில்லை. தாவோவில் லீ அல்லாதவருக்கு இடமில்லை. மிச்சம் இருந்தது இந்தியாவிலிருந்து வந்த பௌத்தம்.

வூவுக்கு அது புதிதும் இல்லை. 656-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தபோது, குழந்தைக்குப் புத்த ஒளி என்ற பொருளில் பெயர் வைத்துச் சீடனாக ஏற்றுக்கொண்டவர், நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே யுவான் சுவாங். காஞ்சிபுரம் பற்றி எழுதிவைத்தவர். 662-ல் பிக்குகளும் அரசரையும் பெற்றோரையும் விழுந்து வணங்க வேண்டும் என்று காவ்சோங் அரசு கொண்டுவரப் பார்த்தபோது, பிக்குகள் ஓடிப்போய் முறையிட்டவர்களில் வூவின் அம்மா யாங்கும் ஒருவர். எதிர்ப்பு பலமானதும் அரசு பின்வாங்கியது. லுவோயாங் நகருக்கு அருகே லாங்மென் குகைகளில் 17 மீட்டர் உயர வைரோசன புத்தர் சிலை இருக்கிறது. அதற்காக 672-ல் தன் அலங்காரச் செலவுப் பணத்திலிருந்து 20,000 கோவைக் காசுகளை வூ கொடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சிலையின் முகமே வூவின் முகம்தான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதற்கு மட்டும் ஆதாரம் எதுவும் இல்லை.

நதியில் கிடைத்த கல், ஏட்டில் கிடைத்த வாக்கு

684-ல் பட்டத்துக்கு வந்த மகன் சோங்சோங், மாமனாருக்கு நாட்டையே தூக்கிக் கொடுப்பேன் என்ற ரீதியில் வாயை விட்டார். இரண்டே மாதத்துக்குள் அவரை இறக்கிவிட்டு, இளைய மகன் ருயிசோங்கைப் பெயருக்கு உட்கார வைத்தார் வூ. யாங்சோ நகரில் கலகம் வெடித்தது. அடக்கப்பட்டது. அந்தக் கலகக்காரர்களுக்காக லுவோ பின்வாங் என்ற கவிஞர் வூவைக் கிழித்துத் தொங்கவிட்டு ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அதைப் படித்த வூ, இவ்வளவு திறமையான ஆளுக்கு அரசு வேலை கொடுக்காமல் விட்டது அமைச்சரின் தப்பு என்று சொன்னதாக ஒரு தகவல்.

ரசனை ஒரு பக்கம் இருக்கட்டும். பயம் அவரை விடவில்லை. 686-ல் தலைநகரில் ஒரு வெண்கலப் பெட்டி வைக்கப்பட்டது. நான்கு பக்கமும் துளை. யார் வேண்டுமானாலும் மனு போடலாம், யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொடுக்கலாம். புகார் சொல்ல ஊரிலிருந்து வருபவருக்கு வண்டியும் சாப்பாடும் அரசு செலவு. பெட்டியை வடிவமைத்தவர் மேலேயே அதில் ஒரு புகார் விழுந்து, அவர் தலை போனது. லாய் ஜுன்சென், சோ ஷிங் போன்ற விசாரணை அதிகாரிகளின் சித்திரவதைக் கூடங்களில் பல நூறு குடும்பங்கள் அழிந்தன. அவற்றில் கணிசமானவை லீ குடும்பத்துக் கிளைகள்.

688-ல் லுவோ நதியில் ஒரு வெள்ளைக் கல் கிடைத்தது. புனிதத் தாய் மக்களிடையே வருவாள், அரசு என்றும் செழிக்கும் என்ற அர்த்தத்தில் அதில் எழுத்துகள். கல்லைச் செய்யச் சொன்னவர் வூவின் அண்ணன் மகன் வூ செங்ஸி. விஷயம் தெரியாத மாதிரி வூ அதைப் பெற்றுக்கொண்டு, புனிதத் தாய் என்பதைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஆனாலும் கல் போதாது. நூல் வேண்டும். 690-ல் ஒரு பிக்குகள் குழு அதைக் கொண்டுவந்தது. மகாமேக சூத்திரம் என்ற பௌத்த நூல், ஐந்தாம் நூற்றாண்டிலேயே சீனத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டது. ஒரு தேவதை பெண்ணாகப் பிறந்து நாட்டை ஆள்வாள் என்று அதில் புத்தர் சொல்லும் இடம் உண்டு. பிக்குகள் அதற்கு ஓர் உரை எழுதி, அந்தப் பெண் வேறு யாருமில்லை, வூதான். எதிர்காலத்தில் வரவேண்டிய மைத்ரேய புத்தரும் அவர்தான் என்றார்கள். நூலைப் புதிதாகப் புனையவில்லை என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். பழைய நூல் அப்படியே இருந்தது. உரையை மட்டும் மாற்றினார்கள். அந்த உரையின் பிரதிகள் டுன்ஹுவாங் குகையில் கிடைத்திருக்கின்றன.

ஒவ்வொரு மாகாண நகரிலும் மகாமேகக் கோயில் கட்டி, இந்த நூலை வாசிக்க ஆணை போனது. மேற்கே, இன்றைய கிர்கிஸ்தானில் உள்ள ஒரு எல்லைக் கோட்டை நகரில்கூட அப்படி ஒரு கோயில் இருந்தது. செல்போன், டிவி இல்லாத காலத்தில் நாடு முழுக்க ஒரே செய்தியைக் கொண்டுசேர்க்க இதைவிட நல்ல வழி இருந்திருக்காது. அந்த ஆண்டே, 66 வயதில், மகனை நகர்த்திவிட்டு வூ பேரரசர் ஆனார். தாங் போய் சோ வம்சம் வந்தது. அடுத்த வருடம் பௌத்தம் தாவோவுக்கு முன்னால் வைக்கப்பட்டது.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. ஐந்து நிலைகளைப் பெண் அடைய முடியாது என்று பௌத்த நூல்களே சொல்கின்றன. அதில் ஒன்று சக்கரவர்த்தி நிலை. தமிழில் ராஜாக்களுக்குச் சாதாரணமாகச் சொல்லும் அதே சொல்தான். உலகம் முழுவதும் தர்மச் சக்கரத்தை உருட்டும் அரசர் என்பது அதன் பௌத்தப் பொருள். 693-ல் போதிருசி என்ற தென்னிந்தியப் பிக்கு மொழிபெயர்த்த இரத்தினமேக சூத்திரத்தில் ஒரு பகுதி இருந்தது. சூரிய சந்திர ஒளி என்ற பெயருடைய தேவன், நாவலந்தீவின் வடகிழக்கில் உள்ள மகாசீனத்தில் பெண் அரசராகப் பிறப்பான் என்பது அதன் சாரம். இதே நூலின் முந்தைய சீன மொழிபெயர்ப்புகளில் இந்தப் பகுதி கிடையாது! வூ தன் பெயருக்காகவே உருவாக்கிய ஜாவ் என்ற எழுத்தில், மேலே சூரியனும் சந்திரனும் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு அவர் பொற்சக்கரப் பேரரசர் என்ற பட்டத்தைச் சூடினார்.

அப்படி உருவாக்கிய எழுத்துகள் ஒரு டஜனுக்கும் மேல். கொரியாவின் புல்குக்சா கோயில் கோபுரத்தில் 1966-ல் கிடைத்த, உலகின் மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்றான சுருளில்கூட அவை இருக்கின்றன.

ஆட்டுக்கறி விவகாரம்

எல்லாமே நாடகம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நாலந்தா வரை போய் 25 ஆண்டுகள் கழித்து 695-ல் ஊர் திரும்பிய இட்சிங்கை, வூ நகர வாசலுக்கு வெளியே நேரில் போய் வரவேற்றார். கோத்தானிலிருந்து சிக்ஷானந்தரை வரவழைத்து அவதம்சக சூத்திரத்தை 80 பாகமாக மொழிபெயர்க்க வைத்து, முன்னுரை எழுதினார். அந்தத் தத்துவம் புரியவில்லை என்றபோது, அறிஞர் ஃபாசாங் அரண்மனையில் இருந்த தங்கச் சிங்கத்தைக் காட்டி விளக்கினாராம். நம்பிக்கை எங்கே முடிந்து அரசியல் எங்கே தொடங்கியது என்று அவருக்கே கோடு போடத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் நம்பிக்கை ஆணையாக மாறும்போது, விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 692-ல் நாடு முழுவதும் விலங்குகளைக் கொல்லவும் மீன் பிடிக்கவும் தடை வந்தது. அந்தக் காலத்தில் ஜாங் டே என்ற அதிகாரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சந்தோஷத்தில் ரகசியமாக ஓர் ஆட்டை வெட்டி, கூட வேலை பார்ப்பவர்களுக்கு விருந்து வைத்தார். விருந்துக்கு வந்த டு சூ என்பவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு துண்டு கறியை ஒளித்து எடுத்துப்போய்ப் புகார் எழுதினார். மறுநாள் அரசவையில் வூ, குழந்தை பிறந்ததற்கு ஜாங் டேவை வாழ்த்தினார். அப்புறம், கறி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஜாங் டே தரையில் விழுந்தார். நல்லது கெட்டதுக்குத் தடை இல்லை என்ற வூ, இனி விருந்துக்கு ஆள் பார்த்துக் கூப்பிடச் சொல்லி, புகார்க் கடிதத்தை எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டினார். டு சூவின் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது அத்தனை பேருக்கும்.

ரசிக்கத்தக்க கதை. ஆனால் அதே ஆண்டில், யாங்சி, ஹுவாய் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வறட்சி. வயலில் ஒன்றுமில்லை. மீன் பிடிக்கவும் அனுமதி இல்லை. பட்டினியால் மக்கள் செத்தார்கள் என்று வரலாற்று நூல் பதிவு செய்கிறது. அவர்களுக்காகக் கடிதத்தை எடுத்துக் காட்ட யாரும் இல்லை. உயிர்களைக் காக்கும் ஆணை எட்டு ஆண்டுகள் நீடித்தது.

கட்டடங்கள் இன்னொரு பெரிய செலவு. ஷ்வே ஹுவாய்யி என்பவர் லுவோயாங் தெருவில் மருந்து விற்றவர். வூவின் காதலர் ஆனதும், அரண்மனைக்குத் தடையில்லாமல் வந்துபோக வசதியாக அவருக்கு மொட்டை போட்டுப் பிக்கு ஆக்கி, வெள்ளைக் குதிரை மடத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். அவர் தலைமையில் எழுந்ததுதான் 688-ல் முடிந்த பிரமாண்டமான ஒளி மண்டபம். அதற்குப் பின்னால் ஒரு ராட்சத புத்தர். அதன் சுண்டுவிரலுக்குள் சில டஜன் பேர் நிற்கலாம் என்கிறார்கள். 695 தொடக்கத்தில் வூ மைத்ரேயர் என்பதையே தன் பட்டத்தில் சேர்த்தார். கொஞ்ச நாளிலேயே, தன்னை ஓரங்கட்டிய கோபத்தில் ஷ்வே தீ வைத்தார். மண்டபமும் புத்தரும் எரிந்ததில் நகரமே பகல்போல ஒளிர்ந்தது. பழியைத் தொழிலாளிகள் மேல் போட்டார்கள். மைத்ரேயர் பட்டம் அடுத்த மாதமே கழற்றப்பட்டது. ஷ்வேயும் கொல்லப்பட்டார். அதே ஆண்டு முடிந்த 105 அடி வெண்கலத் தூணுக்கு உலோகம் போதாமல், விவசாயிகளின் கருவிகளை வாங்கி உருக்கியிருந்தார்கள்.

அத்தைக்கு யார் படையல் வைப்பது?

வூவுக்கு 70 வயது தாண்டியது. அடுத்து யார்? மகன்கள் என்றால் அவர்கள் லீ. சோ வம்சம் காலி. அண்ணன் மகன் வூ செங்ஸி என்றால் குடும்பப் பெயர் தொடரும், ஆனால் சொந்தப் பிள்ளைகளின் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரத்திலும் பதில் இல்லை. பதில் சொன்னவர் அமைச்சர் டி ரென்ஜியே. அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. மகன் பட்டத்துக்கு வந்தால் முன்னோர் கோயிலில் அம்மாவுக்குக் காலகாலத்துக்கும் படையல் வைப்பான். அத்தைக்குப் படையல் வைத்த பேரரசரை யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று மட்டும் கேட்டார். சிறகு இரண்டும் ஒடிந்த கிளியைக் கனவில் கண்டதாக வூ சொன்னபோதும், சிறகுகள் உங்கள் இரண்டு மகன்கள் என்றே அர்த்தம் சொன்னார். 698-ல், 14 வருடம் ஒதுக்கி வைத்திருந்த சோங்சோங்கை வூ திரும்ப அழைத்தார்.

யோசித்துப் பார்த்தால், அவர் தோற்றது இந்த இடத்தில்தான். பௌத்தம் அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றியது. ஆனால் செத்த பிறகு சோறு வைப்பவர் யார் என்ற கேள்வி, கன்பூசியர்களின் கையிலேயே இருந்தது.

கி.பி. 700-ல் எல்லாம் சேர்ந்து நடந்தது. உடல் நலிந்த வூ, தாவோ சாமியார் ஹு சாவ் தயாரித்த ஆயுள் மருந்தைச் சாப்பிட்டார். கொஞ்சம் தெம்பு வந்ததும் பொற்சக்கரப் பட்டத்தைக் கைவிட்டார். அதே ஹு சாவிடம்தான் தங்கத் தகட்டைக் கொடுத்து சோங் மலைக்கு அனுப்பினார். பெரிய புத்தர் சிலை ஒன்றுக்காகப் பிக்குகள் ஆளுக்குத் தினம் ஒரு காசு தர வேண்டும் என்று கிளம்பிய திட்டத்தை, மக்கள் தாங்க மாட்டார்கள் என்று டி ரென்ஜியே எதிர்த்ததால் நிறுத்தினார். ஆண்டு முடிவதற்குள் விலங்குவதைத் தடையும் போனது. டி ரென்ஜியேவும் அந்த ஆண்டுதான் இறந்தார்.

தகட்டில் எந்தப் பாவம் என்று குறிப்பிடவில்லை. வாங்கா, லீ குடும்பத்தாரா, சித்திரவதைக் கூடங்களில் செத்தவர்களா, மீன் பிடிக்க முடியாமல் செத்தவர்களா? பொதுவாக, பாவம் என்று மட்டும் இருக்கிறது.

705-ல், 80 வயதை ஒட்டிய அமைச்சர் ஜாங் ஜியான்ஜி தலைமையில் வீரர்கள் அரண்மனைக்குள் நுழைந்தார்கள். கடைசிக் காலத்தில் வூவோடு நெருக்கமாக இருந்த ஜாங் சகோதரர்களைக் கொன்றுவிட்டு, சோங்சோங்கை அரியணையில் அமர்த்தினார்கள். தாங் வம்சம் திரும்பியது. அந்த டிசம்பரில் 81 வயதில் வூ இறந்தார். பேரரசர் பட்டம் வேண்டாம், ராணி என்றே குறிப்பிடுங்கள். கணவர் பக்கத்திலேயே புதையுங்கள் என்பது அவருடைய கடைசி விருப்பம். லீ குடும்பத்து மருமகளாகவே முன்னோர் கோயிலுக்குள் போனார்.

வெண்கலத் தூணை அவருடைய பேரன் ஷுவான்சோங் 714-ல் உருக்கினார். அந்த வேலை முடியவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம்.

சியான் நகருக்கு வடமேற்கே சியான்லிங் கல்லறையில் காவ்சோங்கும் வூவும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். வெளியே இரண்டு பெரிய கற்கள். ஒன்றில் காவ்சோங்கின் புகழ் முழுக்கப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மற்றது வூவுக்கானது. ஏழரை மீட்டர் உயரம், உச்சியில் பின்னிக்கிடக்கும் டிராகன்கள். ஆனால் நட்டபோது அதில் ஓர் எழுத்துகூட இல்லை. பல நூறு வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் வந்துபோனவர்கள், இடம் காலியாக இருக்கிறதே என்று தங்கள் வரிகளைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.